மரம் எந்தப் பக்கம் விழும்?

வீட்டு முற்றத்து மரங்கள்: வாசகர் கேள்விகளும் மரம் வெட்டும் குத்தகையாளரின் பதில்களும்

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையிலும் வீட்டு மரங்களை இறக்குவது என் பிழைப்பு. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்த காலத்தில் அந்த வேலையிலும் இருந்தவர். தோட்டத்தில் மரம் விழ இடம் கிடக்கும். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதி வீட்டில், அப்படியா? ஒரு பக்கம் அடுத்த வீட்டுக் கூரை, ஒரு பக்கம் கார் கொட்டகை, மேலே மின்கம்பி, கீழே கழிவுநீர்க் குழாய். அதனால் இங்கே நாங்கள் மரத்தைச் சாய்ப்பதில்லை, துண்டு துண்டாக இறக்குகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறம் பழைய மாமரம் ஒன்று, பெருமழை பெய்த இரவுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. செயின்சா வாடகைக்கு எடுத்து, ஏணி போட்டு, ஞாயிற்றுக்கிழமை நாங்களே வெட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். அவருடைய தம்பிகளும் வருகிறார்கள். ஐந்து பேர் கயிறு கட்டி இழுத்தால் எதிர்ப்பக்கம் விழுந்துவிடாதா? (வாசகி, கெலுகோர்)

விழாது, தங்கச்சி. பச்சை மரத்தின் கனத்தை யாரும் சரியாக மதிப்பிடுவதில்லை. அரை மீட்டர் விட்டமுள்ள அடிமரத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டு மட்டுமே 200 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். சாய்ந்த பக்கத்தில் கிளையும் இலையும் மழைத்தண்ணீரும் சேர்ந்து தொங்கும்போது ஐந்து பேர் இழுக்கும் கயிறு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சரி, தப்பித் தவறி இழுத்த பக்கமே வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது அது இழுத்தவர்கள் தலைமேல்தான் வரும். கயிறு மரத்தின் உயரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதையே பலர் யோசிப்பதில்லை. அவ்வளவு நீளத்துக்கு உங்கள் பின்கட்டில் இடமும் இருக்காது.

முதலில் சாய்வு பழசா புதுசா என்று பாருங்கள். சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் கொஞ்ச உயரம் போனதும் தன்னை நிமிர்த்திக்கொண்டிருக்கும். அடிமரத்தில் அந்த வளைவு தெரியும். அப்படிப்பட்டது பல வருஷம் நிற்கக்கூடும். புதுச் சாய்வில் வளைவு இருக்காது, மரம் மொத்தமாகச் சரிந்திருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேடாக எழும்பியிருக்கிறதா, சிமெண்டுத் தரையில் புது விரிசல் இருக்கிறதா, அறுந்த வேர் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், மரம் விழக்கூடிய பக்கத்து அறையில் அவர்கள் படுக்க வேண்டாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயலில் நம் ஊரில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊறிப்போன மண்ணால் வேரைப் பிடித்துக்கொள்ள முடியாது. மழை நின்ற பிறகும் மண் காயும்வரை அந்த ஆபத்து இருக்கிறது.

இப்போது ஏணி. என் ஆட்கள் யாரும் ஏணியில் நின்று செயின்சா பிடிக்கக்கூடாது. பிடித்தால் அன்றோடு வேலை இல்லை. கிளையை அறுத்ததும் கனம் குறைந்து மீதிக் கிளை மேலே எழும்பும், ஏணி சாய்த்திருந்த இடம் நழுவிப் போகும். அறுபட்ட துண்டோ பட்டையில் தொங்கி ஆடிவந்து ஏணியின் காலைத் தட்டும். செயின்சாவின் மூக்கில் மேல்பகுதி எதிலாவது பட்டால் இயந்திரம் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். தரையில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்குக் கீழே வைத்து அறுக்கும்போதே அது நடக்கும் என்றால், ஏணியில் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுப்பவரின் கதியை நினைத்துப் பாருங்கள். வாடகைக் கடையில் இயந்திரத்தைத் தருவார்கள். சங்கிலி பட்டதும் இழைகள் சிக்கி அதை நிறுத்துகிற பாதுகாப்புக் கால்சட்டையைச் சேர்த்துத் தந்து நான் பார்த்ததில்லை.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன். நீங்கள் செய்வதற்காக இல்லை. கூலிக்கு வருகிறவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்காக. உங்கள் மரம் வேர் அறுந்து சாய்ந்தது என்றால் அதில் ஆள் ஏறவே கூடாது. கிரேனோ, ஆளைத் தூக்கி நிறுத்தும் ஸ்கைலிஃப்ட் வண்டியோ வர வேண்டும். வேர் உறுதியாக இருந்தால், இடுப்புவார் கட்டிய ஆள் ஏறி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கிளையையும் முதலில் கயிற்றில் கட்டி, பிறகு அறுத்து, கீழே நிற்கிறவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும். கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால் பட்டை அடிமரம்வரை உரிந்துகொண்டு வரும். அதனால் முதலில் அடியில் ஒரு வெட்டு, அதற்குக் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து ஒரு வெட்டு.

கடைசியில் நிற்கும் மொட்டை அடிமரத்தைச் சாய்க்க இடம் இருந்தால், விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு வாய், அதாவது ஆப்பு வடிவப் பள்ளம், வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்து வரும்போது முழுதும் அறுக்காமல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மரத்தை விட்டுவிடுவார்கள். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் இந்த இடம். மரம் திரும்பும் திசையை இதுதான் பிடித்து வைக்கிறது. வாய் வெட்டாமல் பின்னாலிருந்து நேராக அறுக்கிறவரைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். சாய்ந்த மரத்தில் அப்படிச் செய்தால் அடிமரம் நெடுக்காகப் பிளந்து, அறுப்பவர் பக்கமே எகிறி அடிக்கும்.

இன்னொன்று. வேரோடு சாய்ந்து படுத்துவிட்ட மரம் என்றால் வேர்ப்பகுதி குழியிலிருந்து எழும்பி நிற்கும். அடிமரத்தை அறுத்துக் கனம் போன நிமிஷத்தில் அது திடீரென்று குழிக்குள் திரும்பிப் படுக்கும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டிருக்கிறேன். யாரையும் கிட்டே விடாதீர்கள்.

மாமரத்தில் முசுறு இருக்கும், அதாவது நம் ஊரில் கெரெங்கா என்கிற சிவப்பு எறும்பு. மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து கொப்பளிக்கும். உங்கள் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு நல்ல வேலை இருக்கும்.

கேள்வி: என் நிலம், என் மரம். வெட்டுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

மாநகர் மன்றத்திடம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் (சட்டம் 172) மரங்களுக்கென்று ஒரு பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது. அதன்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள்: 80 சென்டிமீட்டர் என்பது குறுக்கே சுமார் 25 சென்டிமீட்டர்தான். பெரும்பாலான பழ மரங்கள் அதைத் தாண்டிவிடும். பட்டுப்போன, பட்டுக்கொண்டிருக்கிற மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டுவதற்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி வெட்டுகிறவர் வெட்டுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு யாராவது புகார் கொடுத்தால் காட்டுவதற்கு மரம் இருக்காதே.

தீவில் இருப்பவர்களுக்குப் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், உங்களுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம். வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரம் உங்கள் வீட்டுக்கு நிழல் கொடுத்தாலும் உங்களுடையது இல்லை. அதைத் தொடாதீர்கள், மன்றத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: வீட்டு முன்னால் மிக உயரமான தென்னை. மட்டை காற்றில் மின்கம்பியைத் தொடுகிறது. அலுமினியக் கம்பில் அரிவாள் கட்டி மட்டையை மட்டும் இழுத்துவிடலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

அந்தக் கம்பைக் கீழே வையுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மட்டையும் கடத்தும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் இப்படித்தான் செத்திருக்கிறார்கள். கம்பி கறுப்பு உறை போட்டது என்று தைரியம் கொள்ள வேண்டாம், உரசி உரசி உறை தேய்ந்திருக்கலாம். மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரும் எந்த வேலையையும் அவர்களிடம் கேட்காமல் நான் தொடுவதில்லை. மட்டை கம்பியில் விழுந்து தொங்கினாலோ கம்பி அறுந்து தரையில் கிடந்தாலோ கிட்டே போகாதீர்கள், அதைச் சுற்றியுள்ள ஈரத் தரையிலும் மின்சாரம் இருக்கும்.

தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற மரங்களைப் போல இதற்கு உள்ளே வளையம் கிடையாது, எல்லாம் நார். நான் மேலே சொன்ன கீல் தென்னையில் அவ்வளவு நம்பகமாகப் பிடிக்காது. சங்கிலியின் கூரும் சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் வீடுகளுக்கு நடுவே நிற்கும் தென்னையைக் கொண்டை, பிறகு துண்டுகள் என்று மேலிருந்தே இறக்குவோம். வெட்டிய தண்டை முற்றத்து மூலையில் அழுக விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அழுகும் தென்னந்தண்டில்தான் முட்டையிடும். அங்கே பிறக்கும் வண்டு உங்கள் தாமானில் உள்ள மற்றத் தென்னைகளின் குருத்தைத் தின்னும்.

கேள்வி: ரம்புத்தான் மரத்தை வெட்டியாயிற்று, அடிக்கட்டை நிற்கிறது. உப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன், துளிர் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நண்பர் லோரியில் சங்கிலி கட்டி இழுத்துத் தருவதாகச் சொல்கிறார். (வாசகர், ஜெலுத்தோங்)

லோரி வேண்டவே வேண்டாம். இழுவைச் சங்கிலி அறுந்தால் அது போகும் வேகத்துக்கு எதுவும் தாங்காது. கட்டை வந்தாலும் தனியாக வராது. வேர் பின்னிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் இழுத்துக்கொண்டு வரும். ஜெலுத்தோங்கின் பழைய வரிசை வீடுகளில் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி மூடி எங்கே இருக்கிறதென்று பாருங்கள், குளியலறையிலிருந்து அதற்கு ஒரு கோடு போட்டால் குழாய் போகும் பாதை ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

உப்பு உங்கள் மண்ணைக் கெடுத்தது, அவ்வளவுதான். நெருப்பு அதைவிட மோசம். பச்சைக் கட்டை எரியாது; காய்ந்த வேர் இருந்தால் மண்ணுக்கடியில் நாள் கணக்கில் கனன்று வேறு இடத்தில் புகையும். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட.

சரியான வழி இரண்டு. ஒன்று, அரைக்கும் இயந்திரம். பல் வைத்த சக்கரம் கட்டையைத் துருவித் துருவித் தரைக்குக் கீழே 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்துவிடும். கல்லும் சில்லும் தெறிக்கும், எனவே காரை வெளியே எடுங்கள், கண்ணாடிக் கதவுக்கு முன் பலகை நிறுத்தச் சொல்லுங்கள். அரைத்த தூளைக் குழியிலேயே அழுத்தி மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். தூள் மட்கும்போது தரை இறங்கும், மேலே நட்ட செடியும் மஞ்சளாகிப் போகும். தூளை அள்ளிவிட்டு மேல்மண் போட்டு அன்றைக்கே நிரப்பச் சொல்லுங்கள். திறந்த குழியில் மழைத்தண்ணீர் நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு பறக்கும், சுகாதார அதிகாரி வந்து நிற்பார்.

இரண்டாவது வழி, இயந்திரம் நுழைய இடமில்லாத வீடுகளுக்கு. கட்டையைப் புதிதாக ஒரு வட்டம் அறுத்து, அறுத்த சில நிமிஷங்களுக்குள் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். நடுவில் பூசி வீணாக்காதீர்கள். நடுமரம் ஏற்கெனவே செத்த பகுதி, உயிர் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளையத்தில்தான் ஓடுகிறது. அங்கே மட்டும் பூசினால் போதும். நாள் கடந்து பூசினால் உள்ளே இறங்காது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள், கையுறை போடுங்கள். பழைய பாராகுவாட் களைக்கொல்லி இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது தடை. பக்கத்தில் இன்னொரு ரம்புத்தான் நின்றால் மருந்தே வேண்டாம். ஒரே இன மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொள்வதுண்டு, மருந்து அந்த வழியாக அடுத்ததையும் தின்றுவிடும்.

கட்டை செத்த பிறகுதான் இன்னொரு தலைவலி: கரையான். வீட்டுச் சுவரிலிருந்து கொஞ்ச தூரத்தில் செத்த மரக்கட்டையும் ஈரமும் இருந்தால் அதற்கு அது சமைத்து வைத்த சாப்பாடு. அங்கே பெருகி, மண்குழல் கட்டிக்கொண்டு உங்கள் கதவு நிலைக்கு வரும். ரப்பர்த் தோட்டங்களில் மறுநடவு செய்யும்போது பழைய அடிக்கட்டையை அவ்வளவு கவனித்ததும் சும்மா இல்லை. வெள்ளை வேர் நோய் விட்டுப்போன கட்டையில் தங்கி, வேர் வழியாகவே இளமரத்துக்குப் பரவும். கட்டையின் வெட்டுமுகத்தில் கிரியோசோட் பூசுவார்கள் என்று அப்பா சொல்வார். உங்கள் மரம் நோயில் செத்தது என்றால் கை கனத்துக்கு மேற்பட்ட வேர்களையும் சங்குலால் (மண்வெட்டியால்) தோண்டி எடுத்த பிறகே அதே இடத்தில் வேறு மரம் நடுங்கள்.

கேள்வி: பாயா தெருபோங்கில் மலைச்சரிவை ஒட்டிய வீடு. பின்சரிவில் நின்ற மரங்களை வெட்டிக் கட்டைகளையும் தோண்டி எடுத்துச் சுத்தமாக்க நினைக்கிறேன். (வாசகர், பாயா தெருபோங்)

தோண்டாதீர்கள். சரிவில் மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்கள். மரத்தை வெட்டிய பிறகும் சில வருஷங்கள் செத்த வேர் கொஞ்சம் பிடிக்கும்; அதற்குள் அங்கே வேறு செடியும் மரமும் வேர்விட்டிருக்க வேண்டும். உண்மையாகவே ஆபத்தான மரத்தை மட்டும் தரையோடு அறுங்கள், கட்டை இருக்கட்டும், மற்ற மரங்களை விட்டுவிடுங்கள். சரிவில் புது விரிசல், வெளியே தள்ளி நிற்கும் தடுப்புச் சுவர், மழையில் கலங்கி வரும் ஊற்று இவற்றில் எது தெரிந்தாலும் உங்களுக்குத் தேவைப்படுகிறவர் பொறியாளர், நான் அல்ல.

கேள்வி: கோலாலம்பூரில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்த படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எங்கள் வீட்டு மரம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உச்சியைப் பாதியாக வெட்டிவிடலாமா? (வாசகி, நிபோங் திபால்)

2024 மே 7ஆம் தேதி நடந்தது அது. ஓர் உயிர் போயிற்று, கார்கள் நசுங்கின. பயம் நியாயம்தான், ஆனால் மொட்டையடிப்பது அதற்கு மருந்தில்லை. உச்சியை வெட்டினால் வெட்டுவாயில் கொத்துக் கொத்தாகப் புதுக் கிளை வரும். அவை பட்டையோரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்பவை, கனம் கூடியதும் பிய்ந்து விழும். வெட்டுவாய் வழியாக அழுகலும் இறங்கும். இன்றைக்கு இல்லாத ஆபத்தைச் சில வருஷத்துக்கு அப்பால் நட்டு வைக்கிறீர்கள்.

மேலே பார்ப்பதை விட்டுக் கீழே பாருங்கள். அடிமரத்திலோ வேர்த் தொடக்கத்திலோ பலகை போல் கெட்டியான காளான், மேலே பழுப்பும் ஓரத்தில் வெள்ளையுமாக முளைத்திருந்தால் உள்ளே வேரும் அடியும் அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி. மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள், பொள்ளலான இடம் வேறு ஒலி தரும். சந்தேகம் என்றால் ஐ.எஸ்.ஏ. (பன்னாட்டு மர வளர்ப்பியல் சங்கம்) சான்றிதழ் பெற்ற மர வல்லுநரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். மரம் வெட்டிக் காசு பார்க்கும் என்னைப் போன்றவனிடம் ‘வெட்ட வேண்டுமா’ என்று கேட்பதைவிட அது நல்லது.

கேள்வி: புது வீடு வாங்கினோம். பின்னால் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம், அதன் அடியில் யாரோ வைத்த கல்லும் சூலமும். வெட்ட ஆள் வர மறுக்கிறார்கள். (வாசகர், சுங்கை பாக்காப்)

மறுப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள். மனத்தில் கலக்கத்தோடு மரம் ஏறுகிறவனின் கை நடுங்கும், எனக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை. முன்பு இருந்தவர்களைக் கண்டுபிடித்துக் கல்லை வைத்தது யார் என்று கேளுங்கள். பூசாரியை வரவழைத்து முனியை முறையாக வேறு இடத்துக்கு எழுந்தருளச் செய்யுங்கள். வேலை தொடங்கும் நாளில் கற்பூரமும் எலுமிச்சையும் இருக்கட்டும். என் ஆட்களில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு; அவர்களும் அதற்காக நின்று காத்திருப்பார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை, சுவரில் ஏறிய அரசமரம் வெட்டினால் சாகாது, விரிசலுக்குள் ஒரு விரல் வேர் இருந்தாலும் மறுபடி வரும். மேலே சொன்ன மாதிரி வெட்டுவாயில் உடனே மருந்து பூசுங்கள். வேரைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டாம், அந்தச் சுவரை இப்போது பாதி தாங்கிக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். வேர் செத்த பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே மரத்துக்கு ஒருவர் எண்ணூறு வெள்ளி கேட்கிறார், இன்னொருவர் மூவாயிரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

எண்ணூறு கேட்டவர் மரத்தை நேரில் வந்து பார்த்தாரா, வாட்ஸ்அப் படத்தை மட்டும் பார்த்தாரா? ஆட்களுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டுகிறாரா? பக்கத்து வீட்டுக் கூரை உடைந்தால் கொடுக்கக் காப்புறுதி இருக்கிறதா? வெட்டிய கிளைகள் அவர் லோரியில் போகுமா, இல்லை உங்கள் வாசலிலேயே கிடக்குமா? அடிக்கட்டை விலையில் சேர்ந்ததா? இந்தக் கேள்விகளை இருவரிடமும் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூவாயிரம் கேட்டவரும் இதற்கெல்லாம் முழித்தால் மூன்றாவது ஆளைத் தேடுங்கள்.